ரோபோவுக்குப் புடவை கட்டலாம்... முந்தானை பத்திரம்!

என் பெரியம்மா மகளின் ரிசப்ஷன். தாம்பரத்தில் ஜி.எஸ்.டி சாலையை ஒட்டிய ஒரு கல்யாண மண்டபம். சந்தனம், கல்கண்டு, ரோஜாப்பூத் தட்டுகளோடு சித்திகளும் அத்தைகளும் வாசலில் நிற்பார்கள் இல்லையா? அன்று அவர்களுக்கு முன்னால் ஒரு பொம்மை நின்றது. ஆள் உயரம், அரக்கு நிறப் பட்டுப்புடவை, நெற்றிச்சுட்டி, ஒட்டியாணம். சில விநாடிகளுக்கு ஒருமுறை இரண்டு கைகளையும் கூப்பி, தலையைச் சாய்த்து வணக்கம் வைக்கும். வாடகைக்கு எடுத்தது. வீட்டுக் குட்டீஸ் எல்லாம் ஐஸ்க்ரீமைக்கூட மறந்துவிட்டு அதன் முன்னால்தான் கூட்டம் போட்டிருந்தார்கள்.

கூட்டம் அதிகமான நேரத்தில், பொம்மையின் முந்தானை தோளிலிருந்து சரிந்தது. அடுத்த வணக்கத்தில் அதன் நுனி முழங்கை மடங்கும் இடத்துக்குள் போய்ச் சிக்கிக்கொண்டது. கை பாதியில் நின்றது. உள்ளே மோட்டார் முனகும் சத்தம். கொஞ்ச நேரத்தில் ரப்பர் கருகுவதைப்போல ஒரு வாடை. பொம்மையோடு வந்திருந்த பையனுக்கு இருபது வயதுகூட இருக்காது. "தம்பி, முதல்ல ஆஃப் பண்ணுப்பா!" என்று பெரியப்பா சத்தம் போட்டார். அவன் தேடினான், தேடினான்... ஸ்விட்ச் பொம்மையின் இடுப்புக்குப் பின்னால், புடவைச் சுற்றுக்கு அடியில்!

பதற்றத்தில் துணியையே பிடித்து இழுத்துவிட்டான். துணி விடுபட்டதும், நின்றிருந்த கை படாரென மடங்கியது. நடுவில் அவன் விரல். "ஒண்ணும் இல்லக்கா, லேசாத்தான்" என்று என்னிடம் சொல்லிவிட்டு, ஜூஸ் கவுன்ட்டரில் வாங்கிய ஐஸ் கட்டியை விரலில் அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தான். நகம் கறுத்துவிட்டது. பொம்மைக்கு ஒரு அடி தள்ளி, அப்போதும் ஒரு பாவாடை சட்டைக் குட்டி அதன் கையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

அது ரோபோகூட இல்லை. ஒன்றிரண்டு மோட்டார்கள் வைத்த பொம்மை, அவ்வளவுதான். ஆனால், இப்போது உலகம் முழுக்க விற்பனைக்கு வரும் மனித வடிவ ரோபோக்களின் கதை வேறு. சீனாவின் யூனிட்ரீ நிறுவனம் தயாரிக்கும் ஜி1 என்ற ரோபோ நம் வீட்டு மூன்றாம் வகுப்புப் பிள்ளை உயரம்தான், சுமார் 1.3 மீட்டர். எடை 35 கிலோ. அதன் உடம்பில், மாடலைப் பொறுத்து 23 முதல் 43 மூட்டு மோட்டார்கள் இருக்கின்றன. ஒரு முழங்கைக்கே அந்தப் பாடு என்றால், 23 மூட்டுகளுக்குமேல் துணியைப் போர்த்தினால் என்னவாகும்?

அலுவலகத்தில் இதைச் சொன்னபோது, "ரோபோவுக்கு எதுக்கும்மா டிரெஸ்?" என்று சிரித்தார்கள். சிரிக்க வேண்டிய கேள்வி இல்லை. ஏனென்றால், ரோபோ கைக்கு வந்ததும் நம் ஊரில் முதலில் செய்வது அதற்கு உடை உடுத்துவதுதான்.

உடை உடுத்திய மூவர்

2017 டிசம்பர் 30. மும்பை ஐ.ஐ.டி-யின் டெக்ஃபெஸ்ட் விழா மேடைக்கு, ஹாங்காங்கின் ஹான்சன் ரோபோட்டிக்ஸ் உருவாக்கிய சோஃபியா வந்தது. சவூதி அரேபியா குடியுரிமை கொடுத்ததே, அதே சோஃபியா. வெள்ளையும் ஆரஞ்சுமாய் ஒரு புடவையில் வந்து, "நமஸ்தே இந்தியா" என்றது. மறுநாள் பேப்பரெல்லாம் அந்தப் புடவைதான். ஆனால், ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். அன்றைக்கு சோஃபியாவுக்குக் கால்கள் கிடையாது. அதற்கு நடக்கும் கால்களைப் பொருத்திக் காட்டியது அடுத்த மாதம், 2018 ஜனவரியில் லாஸ் வேகாஸில் நடந்த சி.இ.எஸ் கண்காட்சியில்தான். அதாவது மும்பையில் அந்தப் புடவை சுற்றியிருந்தது, நகராத ஒரு பீடத்தை. கொசுவம் எதிலும் மாட்ட வழியே இல்லை.

அடுத்தது ஷாலு. மும்பை பவாய் கேந்திரிய வித்யாலயாவின் கம்ப்யூட்டர் ஆசிரியர் தினேஷ் படேல், பிளாஸ்டிக், அட்டை, மரம், அலுமினியம் என்று கையில் கிடைத்த பழைய பொருள்களை வைத்தே உருவாக்கிய பெண் ரோபோ. 9 இந்திய மொழிகள், 38 வெளிநாட்டு மொழிகள் பேசும் என்று 2021-ல் செய்திகளில் வலம்வந்தது. இதைச் செய்ய அவருக்குத் தூண்டுதல் எது தெரியுமா? நம்ம 'எந்திரன்' படத்தின் இந்திப் பதிப்பு!

மூன்றாவது, நமக்குப் பக்கத்து வீடு. 2024-ல் கேரளத்தின் திருவனந்தபுரம் மாவட்டத்தில் கே.டி.சி.டி மேல்நிலைப் பள்ளிக்கு வந்த 'ஐரிஸ்' டீச்சர். மேக்கர்லேப்ஸ் எஜுடெக் நிறுவனம் உருவாக்கியது. புடவை, நகையோடு வகுப்பறைக்குள் வந்து, பிள்ளைகளோடு கைகுலுக்கிப் பாடம் சொன்ன வீடியோவை நீங்களும் பார்த்திருப்பீர்கள். ஐரிஸுக்குக் கால்களுக்குப் பதில் சக்கரங்கள். சோஃபியாவின் புடவையும் ஐரிஸின் புடவையும் பார்க்க ஒன்றுபோல இருக்கலாம். ஆனால், நகராத பீடத்துக்குப் புடவை கட்டுவதும், உருளும் சக்கரத்துக்கு மேலே கட்டுவதும் ஒரே வேலை இல்லை. அதிலும் சுற்றி நிற்பவர்கள் பள்ளிக்கூடப் பிள்ளைகள்.

சென்னைக்காரர்களுக்கும் இது புதிதல்ல. 2017-ன் இறுதியில் ஓ.எம்.ஆரில் ரோபோக்கள் பரிமாறும் ரெஸ்டாரன்ட் திறந்தபோது, வார இறுதியில் தாம்பரத்திலிருந்து மேடவாக்கம் வழியாகக் குடும்பத்தோடு போய்ப் பார்த்து வந்தவர்கள் எத்தனை பேர்! பிறகு, முகலிவாக்கத்திலும் ஒன்று வந்தது.

சாரி கார்டு சொல்லும் பாடம்

துணியும் சுழலும் இயந்திரமும் சேர்ந்தால் என்னாகும் என்பதற்கு நாம் ஜப்பான் வரை போக வேண்டாம். சானடோரியம் சிக்னலில் பச்சை விளக்குக்காக நிற்கும் பைக்குகளைப் பாருங்கள். பின்சக்கரத்தின் இடப்பக்கம் கம்பி வலை மாதிரி ஒன்று இருக்குமே, சாரி கார்டு. வெளிநாட்டு பைக் விளம்பரங்களில் அதைப் பார்க்க முடியாது. 1989-ன் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 123-வது விதி, பின்னால் உட்காருபவரின் உடை சக்கரத்தில் சிக்காதபடி, சக்கரத்தில் பாதிக்குக் குறையாமல் மறைக்கும் தடுப்பு வேண்டும் என்கிறது. 'புடவை கட்டாதே' என்று சொல்லவில்லை. 'சக்கரத்தை மூடு' என்றது. துப்பட்டாவைச் சுருட்டி மடியில் வைத்துக்கொள்ளச் சொல்லி அம்மாக்கள் கத்துவதும் அதே விதியைத்தான்.

இன்னொரு சட்டம் இதைவிடச் சுவாரஸ்யம். 1948-ம் ஆண்டு தொழிற்சாலைகள் சட்டத்தின் 22-வது பிரிவு, ஓடும் இயந்திரத்தைப் பரிசோதிக்கப் போகும் தொழிலாளி உடலோடு ஒட்டிய உடை அணிந்திருக்க வேண்டும் என்று எழுதி வைத்தது. அந்த உடையை நிர்வாகமே கொடுக்க வேண்டும் என்றும் சொன்னது. ஆக, இயந்திரத்தின் பக்கத்தில் போகும் மனிதனுக்கே தொளதொள உடை கூடாது என்று பல்லாண்டுகளுக்கு முன்பே நமக்குத் தெரியும். இப்போது நாம் செய்வது தலைகீழ். இயந்திரத்துக்கே தொளதொளவென்று உடுத்திவிட்டு, அதன் பக்கத்தில் குழந்தையை நிறுத்தி செல்ஃபி எடுக்கிறோம்!

துணி மாட்டினால் ரோபோவுக்குள் என்ன நடக்கிறது? மோட்டார் சுற்ற முயல்கிறது, துணி தடுக்கிறது. தடுக்கப்பட்ட மோட்டார் வழக்கத்தைவிட அதிக மின்சாரத்தை இழுக்கும். அந்த மின்சாரம் சூடாக மாறும். நல்ல ரோபோ என்றால், 'ஏதோ தடுக்கிறது' என்று உணர்ந்து தானே நின்றுவிடும். மலிவான பொம்மைக்கு அந்த அறிவு கிடையாது. மண்டபத்தில் வந்த கருகல் வாடைக்குக் காரணம் இதுதான். நின்றுபோன கை உண்மையில் 'நிற்கவில்லை', முட்டிக்கொண்டு காத்திருக்கிறது. தடையை எடுத்த நொடியில் பாயும். சிக்கிய துணியை, மின்சாரத்தை நிறுத்தாமல் இழுக்கவே கூடாது என்பது இதனால்தான்.

இரண்டு கால் ரோபோவில் இன்னொரு சிக்கல். முழங்காலை இறுக்கிப் பிடிக்கும் பேன்ட்டைப் போட்டால், கால் அது கணக்குப் போட்ட தூரத்துக்கு எட்டாது. எட்டவில்லை என்றால் தடுமாறும். 35 கிலோ உலோகம் ஒரு குழந்தையின்மேல் சாய்வதை நினைத்துப் பாருங்கள். ஜரிகை கனத்தால் ஒரு கிலோவைத் தொடும் பட்டுப்புடவைகள் உண்டு. அதோடு வங்கி, ஒட்டியாணம், மாலை என்று ஏற்றினால், அதன் எடைக் கணக்கே மாறிப்போகும்.

மூச்சு விடும் இடம், பார்க்கும் இடம்

ரோபோவுக்கும் மூச்சு உண்டு. முதுகிலோ இடுப்பிலோ சின்னச் சின்ன ஓட்டைகள், உள்ளே விசிறி. கம்ப்யூட்டரும் பேட்டரியும் கக்கும் சூடு அந்த வழியாகத்தான் வெளியேறுகிறது. லேப்டாப்பைப் போர்வைமேல் வைத்து வேலை பார்த்தால் கீழே கொதிக்குமே, அதே கதை. மே மாதக் கத்தரி வெயிலில் ஏ.சி இல்லாத மண்டப வாசலில், லைனிங் கொடுத்த ஜாக்கெட்டும் பட்டுப்புடவையும் சுற்றி ஒரு ரோபோவை நிறுத்தினால், அந்தச் சூடு எங்கே போகும்? பேட்டரி லித்தியம் வகை என்றால் இன்னும் கவனம் வேண்டும்.

எந்தத் துணி என்பதும் முக்கியம். அடுப்படியில் நைலான் புடவை கட்டாதே என்று பாட்டி சொன்னது இங்கேயும் பொருந்தும். பாலியஸ்டர், நைலான் எல்லாம் சூட்டில் உருகி ஒட்டிக்கொள்ளும். உரசலில் நிலைமின்சாரத்தையும் சேர்த்து வைக்கும். குளிர்காலத்தில் ஸ்வெட்டரைக் கழற்றும்போது 'படபட'வென்று பொறி தெறிக்குமே, அதுதான். அந்தச் சின்னப் பொறி நமக்கு வெறும் சுரீர். எலெக்ட்ரானிக் சர்க்யூட்டுக்கு அது ஆபத்தாகிவிடலாம்.

பட்டு நல்லதா என்றால், நம் காஞ்சிபுரத்தில் ஒரு வில்லங்கம் இருக்கிறது. அசல் ஜரிகை என்பது பட்டு நூலின்மேல் வெள்ளி இழையைச் சுற்றி, தங்க முலாம் பூசியது. வெள்ளியைவிட நன்றாக மின்சாரம் கடத்தும் உலோகம் வேறு எது? பிரிந்த ஜரிகை இழை ஒன்று, மூடாத மின் இணைப்புக்குள் விழுந்தால் ஷார்ட் சர்க்யூட்தான். சமிக்கி, கண்ணாடிச் சில்லு, ஆரி வேலை மணிகள், கொசுவத்தில் குத்தும் ஊக்கு எல்லாமே அவிழ்ந்து விழுந்து பல்சக்கரத்துக்குள் போகக்கூடியவை. ரோபோவுக்கு ஊக்கு குத்தும் எண்ணத்தையே விட்டுவிடலாம் என்பது என் கட்சி.

அடுத்தது கண். மனித முகம் வைத்த ரோபோவில், நாம் கண் என்று நினைப்பது நிஜக் கண்ணாக இருக்க வேண்டிய அவசியமில்லை. ஜி1-க்குத் தலையில் லைடார் என்ற லேசர் அளவைக் கருவியும், தூரம் காட்டும் கேமராவும் இருக்கின்றன. அதற்குத் தலைப்பாகை கட்டினாலோ, நெற்றியை மறைத்து மல்லிகைச் சரம் தொங்கவிட்டாலோ, கண்ணைக் கட்டி விட்ட மாதிரிதான். சக்கர ரோபோக்களுக்குப் பெரும்பாலும் கால் பக்கம்தான் உணர்கருவிகள். அங்கே பாவாடை விரித்தால், தன் பாவாடையையே எதிரில் நிற்கும் ஆள் என்று நினைத்து நகராமல் நிற்கும். அல்லது, நிஜமாகவே குழந்தை வந்தாலும் தெரியாமல் நகரும். முதலாவது கேலிக்குரியது, இரண்டாவது கேஸுக்குரியது.

கழுத்துக்குப் பின்னால் ஒரு பொத்தான்

இதற்கெல்லாம் நல்ல உதாரணம், ஜப்பானின் சாஃப்ட்பேங்க் நிறுவனம் 2014-ல் அறிமுகப்படுத்திய பெப்பர். 121 சென்டிமீட்டர் உயரம், அடியில் மூன்று சக்கரங்கள், நெஞ்சில் ஒரு டேப்லெட். வங்கி, கடை, ஆஸ்பத்திரி என்று ஜப்பானில் அது பார்க்காத வேலை இல்லை. 2017 ஆகஸ்டில் டோக்கியோவில் நடந்த ஈமச்சடங்குத் தொழில் கண்காட்சியில், பௌத்தத் துறவியின் அங்கி உடுத்தி மந்திரம்கூட ஓதியது!

பெப்பரின் அவசர நிறுத்தப் பொத்தான் எங்கே தெரியுமா? கழுத்துக்குப் பின்னால், ஒரு மெல்லிய உறைக்கு அடியில். தலையிலும் கைகளிலும் தொடு உணர்வு. கீழே சக்கரத்தைச் சுற்றி மோதினால் உணரும் பம்பர். காலர் வைத்த சட்டையை மாட்டினால் பொத்தான் போச்சு. சவுரி முடியும் பூவும் வைத்தால் பொத்தானும் தலையின் தொடு உணர்வும் போச்சு. தரை தொடும் பாவாடை என்றால் பம்பரும் போச்சு. உடுத்திவிட்டவருக்கு அழகு மட்டும்தான் தெரியும். எதையெல்லாம் அணைத்துவிட்டோம் என்பது தெரியாது.

அதனால்தான் ஜப்பானில் ராக்கெட் ரோடு என்ற நிறுவனம், 'ரோபோ-யூனி' என்ற பெயரில் ரோபோக்களுக்கென்றே சீருடை தைக்கும் தொழிலில் இறங்கியது. மனிதச் சட்டையைச் சின்னதாக்கித் தைப்பதில்லை; மூட்டு அசைவு, சூடு, உணர்கருவி எல்லாவற்றையும் பார்த்துத் தைப்பது.

சீனர்கள் இதை மேடையிலேயே காட்டினார்கள். 2025 ஜனவரி 28, சீனப் புத்தாண்டு டி.வி நிகழ்ச்சியில், யூனிட்ரீயின் ஹெச்1 ரோபோக்கள் 16, பூப்போட்ட ஜாக்கெட் அணிந்து கைக்குட்டை சுழற்றி ஆடின. இயக்கியவர், உலகப் புகழ்பெற்ற ஜாங் யிமோ. அந்தக் கைக்குட்டையைச் சுழற்றவும் வீசித் திரும்ப இழுக்கவும் கையிலேயே தனி அமைப்பு. ஆனால், அடுத்த மாதமே சீனாவில் ஒரு விழாவில், அதேபோல் ஜாக்கெட் அணிந்த ரோபோ ஒன்று, தடுப்புக்கு அந்தப் பக்கம் நின்ற கூட்டத்தை நோக்கித் தடாலென முன்னே பாய்ந்த வீடியோ பரவியது. பாதுகாவலர்கள் இழுத்துப் பிடித்தார்கள். அதற்கு உடைதான் காரணம் என்று நான் சொல்ல வரவில்லை. அந்த நேரத்தில் பாதுகாவலர் பிடிக்க வேண்டிய இடமும் அழுத்த வேண்டிய பொத்தானும் துணிக்கு அடியில் இருக்கக் கூடாது என்பதுதான் விஷயம்.

பனியன் துணிக்கு வந்த யோகம்

வீட்டு வேலைக்கான ரோபோக்களைத் தயாரிப்பவர்கள், உடையை ரோபோவின் தோலாகவே மாற்றிவிட்டார்கள். 1எக்ஸ் என்ற நிறுவனம் 2025 அக்டோபரில் 20,000 டாலருக்கு முன்பதிவைத் தொடங்கிய 'நியோ', சுமார் 30 கிலோ எடை. மெத்தென்ற உடம்புக்கு மேலே அது அணிந்திருப்பது பின்னலாடை. அதாவது, நம் திருப்பூர் சரக்கு வகை! நெய்த துணி ஓரளவுக்குமேல் இழுபடாது; பின்னிய பனியன் துணி எல்லாப் பக்கமும் இழுபட்டுத் திரும்பும். உடம்போடு ஒட்டியிருப்பதால் மூட்டுக்குள் போக மடிப்பே இருக்காது.

அதே மாதம் ஃபிகர் நிறுவனம் காட்டிய 'ஃபிகர் 03' ரோபோவில், விரல் நசுங்கக்கூடிய இடங்களில் நுரை மெத்தை வைத்து, மேலே துணி போர்த்தியிருக்கிறார்கள். ஸ்பேனர், ஸ்க்ரூ டிரைவர் எதுவும் இல்லாமல் கழற்றித் துவைக்கலாமாம். இதில் ஒரு வேடிக்கை, அது சார்ஜ் ஏறுவது பாதத்தின் வழியாக. கொலுசு போட ஆசைப்பட்டு, கூடவே ஒரு ஷூவையும் மாட்டிவிட்டால் ரோபோ பட்டினிதான்.

துணிக்கு இங்கே இரண்டு வேலை. ஒன்று, ரோபோவை நம்மிடமிருந்து காப்பது. இன்னொன்று, நம்மை ரோபோவிடமிருந்து காப்பது. கல்யாண மண்டபத்துப் பட்டுப்புடவை இரண்டையுமே செய்யவில்லை.

இந்த இரண்டு வேலையும் தெரிந்தவர்கள் தாம்பரத்தைச் சுற்றியே இருக்கிறார்கள் என்பதுதான் எனக்கு ஆச்சர்யம். ஒரு பக்கம் ஒரகடம், மறைமலை நகர், ஸ்ரீபெரும்புதூர் என்று கார் தொழிற்சாலைகளின் வரிசை. உலகெங்கும் கார் பெயின்ட் ஷாப்களில் ரோபோ கைகளுக்கு உறை மாட்டுவது ரொம்பக் காலப் பழக்கம். தெறிக்கும் பெயின்ட் ரோபோமேல் படிந்து, காய்ந்து, உதிர்ந்து கார்மேல் விழக் கூடாது என்பதற்காக. அந்த உறை நூல் பிசிறு உதிர்க்கக் கூடாது. நிலைமின்சாரம் சேரக் கூடாது, ஏனென்றால் காற்றில் இருப்பது பெயின்ட் கரைப்பான் ஆவி. சிலிக்கோன் கலப்பு இருந்தால் பெயின்ட்டில் பள்ளம் விழும் என்பதால் அதுவும் கூடாது. கை முழுதாக நீண்டாலும் மடங்கினாலும் இழுக்கவும் கூடாது, தொங்கவும் கூடாது. ரோபோ கையோடு ஓடும் வயர், குழாய்க் கட்டுக்கே அந்தத் தொழிலில் 'டிரெஸ் பேக்' என்றுதான் பெயர்!

இன்னொரு பக்கம், தாம்பரம் சானடோரியத்தில் 1984-ல் தொடங்கிய மெப்ஸ் ஏற்றுமதி மண்டலம். ஷிஃப்ட் விடும் நேரத்தில் அந்த வாசலில் நின்றால் தெரியும், வெளிநாட்டுக்காரரின் தோள்பட்டை அளவுக்குத் துல்லியமாகத் தைக்கத் தெரிந்த அக்காக்கள் எத்தனை பேர் என்று. அடுத்த ஸ்டாப்பான குரோம்பேட்டையில் எம்.ஐ.டி. அங்கே எலெக்ட்ரானிக்ஸ் படித்த ரங்கராஜன்தான் பிறகு சுஜாதாவாகி, 'என் இனிய இயந்திரா'வில் ஜீனோ என்ற ரோபோ நாயைத் தமிழர் வீடுகளுக்குள் விட்டவர். 'எந்திரன்' வசனத்திலும் அவர் பங்கு உண்டு. தையலும் ரோபோவும் ஒரே ரயில் பாதையில்தான் இருக்கின்றன. இரண்டும் சந்திக்கத்தான் இல்லை.

உடுத்துவது எப்படி?

கல்லூரி விழா, கடைத் திறப்பு, பள்ளி ஆண்டு விழா என்று யாராவது உங்களிடம் ஒரு ரோபோவைக் கொடுத்து, "அழகா டிரெஸ் பண்ணிடுங்க" என்றால்? முதல் வேலை, அளவு நாடாவைத் தேடுவதில்லை. கூட வந்த கையேட்டில் காற்றுத் துளை, உணர்கருவி, நிறுத்தப் பொத்தான், சார்ஜ் ஏறும் இடம் எங்கெங்கே என்று பார்த்து, அந்த இடங்களில் எல்லாம் ஒட்டுப்பொட்டு மாதிரி ஒரு ஸ்டிக்கர் ஒட்டுங்கள். உடை முடிந்த பிறகு எல்லா ஸ்டிக்கரும் கண்ணுக்குத் தெரிய வேண்டும். கையேடு உடை போடக் கூடாது என்றால், அதோடு பேச்சு முடிந்தது. கழுத்தில் ஒரு அடையாள அட்டை மாதிரி ஸ்டிக்கர் ஒட்டிவிட்டுப் போய்விடலாம்.

அளவெடுக்கும்போது கை தொங்கும் நிலையில் மட்டும் எடுக்கக் கூடாது. அதன் கை, கால் போகக்கூடிய கடைசி எல்லை வரை மெதுவாக நகர்த்தி, அந்த நிலையிலும் எடுக்க வேண்டும். பரதநாட்டிய டிரெஸ் தைக்கும் டெய்லர்களுக்கு இது கைவந்த கலை. அரைமண்டியில் உட்காரவைத்துத்தானே அளவெடுப்பார்கள். அக்குள், முழங்கை, முழங்கால் மூன்றிலும் பனியன் துணி. மற்ற இடத்தில் என்ன வேண்டுமானாலும். தலை வழியாக மாட்டும் உடை வேண்டாம். முன்னாலோ பின்னாலோ முழுவதும் திறக்கிற மாதிரி, டிச் பட்டனுக்குப் பதில் வெல்க்ரோ. எங்காவது சிக்கி இழுபட்டால், துணி கிழிவதற்கோ மோட்டார் திணறுவதற்கோ முன்னால் வெல்க்ரோ 'சர்'ரென்று பிய்ந்து வந்துவிட வேண்டும். பிய்ந்து வருவதுதான் இங்கே நல்ல தையல்.

புடவைதான் வேண்டும் என்று மாப்பிள்ளை வீடு பிடிவாதம் பிடித்தால், இப்போது வேலைக்குப் போகும் பெண்கள் வாங்குகிறார்களே, கொசுவம் மடித்துத் தைத்த ரெடிமேட் புடவை, அதுதான் ஒரே வழி. முந்தானை தொங்கக் கூடாது. மடிப்பு வைத்து முதுகோடு தட்டையாகத் தைத்துவிட வேண்டும். சக்கர ரோபோ என்றால் விளிம்பு தரையிலிருந்து ஒரு சாண் மேலேயே நிற்கட்டும். 'கால் தெரியுதே' என்பார்கள். தெரியட்டும்!

உடுத்தும்போது ரோபோ அணைந்திருக்க வேண்டும். தூங்குகிற நிலை போதாது. முடிந்தால் பேட்டரியையே கழற்றிவிடுங்கள். இரண்டு கால் ரோபோ மின்சாரம் போனால் அப்படியே சரியும் என்பதால், முதலில் அதற்கான தாங்கியில் தொங்கவிட்ட பிறகுதான் அணைக்க வேண்டும். இரண்டு பேர் வேண்டும். ஒருவர் உடுத்த, இன்னொருவர் வேறு யாரும் ஆன் செய்துவிடாமல் பார்த்துக்கொள்ள. உடுத்துபவரின் துப்பட்டா, வளையல், ஐ.டி கார்டு கயிறு எல்லாம் மேஜைமேல் இருக்கட்டும்.

பிறகு, மிக மெதுவான வேகத்தில் எல்லா அசைவையும் ஒருமுறை ஓட்டிப் பார்க்க வேண்டும். இன்னொருவரின் விரல் நிறுத்தப் பொத்தானின்மேலேயே இருக்க வேண்டும். விழா எத்தனை நேரமோ அதில் பாதி நேரமாவது உடையோடு ஓடவிட்டு, நிறுத்திய பிறகு துணிக்கு மேலே கை வைத்துப் பாருங்கள். கை வைக்க முடியாத சூடு என்றால் அந்த உடை வேண்டாம். வீட்டில் யாருக்காவது பார்க்கப் புடவை நன்றாக இருக்கிறதா என்று கேட்பது இதற்கெல்லாம் பிறகு.

மனிதர்களோடு பழகும் ரோபோக்களின் பாதுகாப்புக்கு ஐ.எஸ்.ஓ 13482 என்ற சர்வதேசத் தரம் 2014-லேயே வந்துவிட்டது. தானே சமநிலை பார்த்து நடக்கும் ரோபோக்களுக்கென்று இன்னொரு தரத்தைத் தயாரிக்கும் வேலை நடக்கிறது. ஆனால், எந்தத் தரமும் மண்டப வாசலில் வந்து நிற்காது. அங்கே நிற்கப்போவது அந்தப் பையன்தான். அவன் சம்பளத்தில் விரலுக்கு இன்ஷூரன்ஸ் சேர்த்தியா என்று நான் அன்று கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும்.

சில மாதங்கள் கழித்து, சேலையூர் பக்கம் தோழி ஒருத்தியின் வளைகாப்பில் அதே பொம்மையைப் பார்த்தேன். அதே அரக்குப் புடவை. முந்தானையை மடித்து முதுகோடு தைத்திருந்தார்கள். இடுப்பிலிருந்து ஒரு வயர் வெளியே வந்து, பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்த அந்தப் பையனின் மடியில் முடிந்தது. சிவப்பு டேப் சுற்றிய ஒரு ஸ்விட்ச் பெட்டி. பொம்மைக்கு முன்னால் நாலு பிளாஸ்டிக் ஸ்டூல்களை வைத்து மாலைச் சரத்தால் இணைத்து வேலி மாதிரி கட்டியிருந்தான்.

"ஓனர் செஞ்சு கொடுத்தாராப்பா?" என்றேன்.

"இல்லக்கா, எங்கம்மா மெப்ஸ்ல டெய்லர். முந்தானைய அவங்கதான் தச்சாங்க. ஸ்விட்ச் நான் போட்டேன்" என்றான். பேசும்போதும் கட்டை விரல் அந்தச் சிவப்பு டேப்பின்மேலேயே இருந்தது.